ஆபீஸ் பேக் வாங்கும்போது அடியைத் தொட்டுப் பாருங்க

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு தினமும் பஸ்ல வேலைக்குப் போறவங்களுக்கான எபிசோடு இது. சுமார் 55 கிலோமீட்டர். சீட் கிடைக்கலைன்னா பேக் காலடியிலதான். ஒருநாள் பேக்கை டொப்புனு கீழே வெச்சேன். லேப்டாப் மூலை நெளிஞ்சுபோச்சு. பேக்ல மிச்சம் பிடிச்சது ஆயிரம் ரூபாய், ரிப்பேருக்குப் போனது ஏழாயிரம்.

அதனால, கடையில முதல்ல லேப்டாப் அறைக்குள்ள கையை விடுங்க. அறையின் அடி, பேக்கின் அடியைத் தொடாம ரெண்டு விரல் மேலே நிக்கணும்.

அடுத்து, ஐப்பசி கார்த்திகை மழை. துணி தாங்கினாலும் ஜிப், தையல் வழியா தண்ணி இறங்கும். ரெயின் கவர் கட்டாயம்.

கரிசல் புழுதி ஏறினா ஜிப் இறுகும். பழைய டூத்பிரஷால அப்பப்போ தேய்ங்க.

சாம்பார் டப்பா? அதுக்குத் தனிப் பை!