பத்திரம் பாங்கியில், பொறுப்பு யாரிடம்?

தாமிரபர்ணிக் கரைக் குடும்பங்களில் பூஜை அறைக்கு அடுத்தபடியாக மரியாதை பெறுவது பத்திரப் பெட்டிதான். கல்லிடைக்குறிச்சியிலுள்ள என் சிற்றப்பா, மகளின் படிப்புக்காக அந்தப் பெட்டியைத் திறந்து, வீட்டை ஒரு பாங்கியில் ஈடு வைத்தார். தவணை ஒன்றுகூடத் தவறாமல் கடனைத் தீர்த்தார். மூலப் பத்திரத்தைக் கேட்கப் போனபோது, "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று பதில் வந்தது. ஏழு மாதம் தேடினார்கள்! தவணை ஏழு நாள் தாமதமாகியிருந்தால், சிற்றப்பாவை அவர்கள் எவ்வளவு விரைவாகத் தேடி வந்திருப்பார்கள்!

பெரிய பாங்கிகள் தவறு செய்தால் தண்டிக்க முடியாதா? முடியும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1906-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. ஆறே நாள் கழித்து, 22-ந் தேதி, சென்னையில் அர்பத்நாட் பாங்கி முறிந்தது. வெள்ளைக்காரர் பாங்கி அசையாது என்று நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்தன. அவர்களுக்காக வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று வாதாடினார். முடிவில் ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் துரைக்கே 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. 1907-ல் இந்தியன் பாங்கியும் பிறந்தது.

மறு வருஷம் ஜூலையில், திருநெல்வேலிக் கோர்ட்டில் பின்ஹே துரை வ. உ. சி.க்கு விதித்த தண்டனையோ 40 வருஷம்! பிறகுதான் ஹைகோர்ட் அதைக் குறைத்தது. ஊரார் பணத்தைத் தொலைத்தவருக்கு 18 மாதம். ஊராருக்காகக் கப்பல் விட்டவருக்கு 40 வருஷம். அந்நிய ஆட்சியின் நீதி அப்படி இருந்தது. ஆயினும் அந்த 18 மாதத்தில் ஒரு நியாயம் இருந்தது. தண்டனை ஒரு மனிதர் தலைமேல் விழுந்தது.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அமெரிக்காவில் அதுகூட நடக்கவில்லை. 2008-ல் வீட்டுக் கடன் வியாபாரம் குப்புற விழுந்தபின், படித்தே பாராத பத்திரங்களில் பாங்கி ஆட்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு, குடும்பங்களை வீதிக்கு அனுப்பியது வெளிப்பட்டது. 2012-ல் ஐந்து பெரிய பாங்கிகள் சுமார் 2,500 கோடி டாலர் அளவில் ஈடுசெய்ய உடன்பட்டன. அவற்றின் தலைவர்களில் ஒருவரும் சிறை செல்லவில்லை. அபராதத்தின் பாரம் பங்குதாரரைச் சேர்ந்தது. குற்றம் யாரையும் சேரவில்லை.

நம் நாட்டில் 2002-ம் வருஷத்துச் சட்டப்படி, கடன் நின்றுபோனால் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட் ஏறாமலே பாங்கி வீட்டைக் கைப்பற்றலாம். விவசாய நிலத்துக்கு மட்டும் அது செல்லாது. பாங்கியின் நடவடிக்கை தவறானால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். நம் பக்கத்தாருக்கு அது மதுரையில் இருக்கிறது. கடன் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்ப வேண்டும், பாங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று ரிஸர்வ் பாங்கி 2023-ல் உத்தரவிட்டிருக்கிறது.

அந்த உத்தரவைக் காட்டிச் சிற்றப்பாவுக்கு நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் பத்திரம் வந்து சேர்ந்தது. ஈட்டுத்தொகை இன்னும் வரவில்லை. விடாமல் கேட்டு வருகிறோம். அத்துடன் இன்னொன்றும் கேட்டிருக்கிறோம்: ஏழு மாதம் பத்திரத்தைத் தேடிய அந்த அதிகாரியின் பெயர் என்ன? கடன் வாங்கும்போது நாம் பெயரெழுதிக் கையெழுத்திடவில்லையா? அந்த நியாயம் அவர்களுக்கும் உண்டல்லவா?