தராசு இல்லாத ஆட்டுச் சந்தை

எட்டயபுரத்தில் சனிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. தீபாவளி, பக்ரீத் நெருங்கினால் ஒரே நாளில் கோடிக்கணக்கில் பணம் புரளும். அந்தக் கூட்டத்தில், ஒற்றைக் கிடாயைக் கயிற்றில் பிடித்தபடி ஓரமாக நிற்பவரைக் கவனியுங்கள். வியாபாரி வருவார். முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டுவார், தொடையை அமுக்குவார், வாயைத் திறந்து பல் பார்ப்பார். கறி எத்தனை கிலோ தேறும் என்ற கணக்கு அவர் மனதுக்குள் முடிந்துவிடும். ஆட்டை வளர்த்தவருக்கு அந்தக் கணக்கு தெரியாது.

கறிக்கடையில் 100 கிராம் குறைந்தாலும் கேள்வி கேட்கிறோம். அதே ஆடு உயிரோடு கைமாறும்போது, பெரும்பாலும் உருப்படிக்கு இவ்வளவு என்று கண்மதிப்பில்தான் விலை. மாட்டுச் சந்தைகளிலோ துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் பழக்கம் உண்டு. என்ன விலைக்குப் போனது என்பது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது.

பாலுக்கு இந்த நிலை இல்லை. ஊர்ச் சங்கத்திலேயே அளந்து, கொழுப்புச் சத்து பார்த்து விலை போடுகிறார்கள். 2019 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகள் இருந்தும், அவற்றுக்கு அப்படி ஓர் ஏற்பாடு பரவலாகவில்லை.

இரண்டு ஆடு வைத்திருப்பவர் விலை பார்த்து விற்பதில்லை. பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று கை நெருக்கும்போது விற்கிறார். விலை படியாமல் ஆட்டைத் திருப்பி ஓட்டிவந்தால் வண்டி வாடகை இரட்டிப்பாகும். வியாபாரிக்கு இது நன்றாகத் தெரியும். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றினாலே பேரம் பேச ஒரு தெம்பு வரும்.

வீட்டிலேயே எடையை அறிய தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு 28 அங்குலம், தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனைவரை நீளம் 26 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 28ஐ 28ஆல் பெருக்கி, அதை 26ஆல் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய 31 கிலோ. சற்று முன்பின் இருக்கலாம். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கறி தேறும். இந்த எண் கையில் இருந்தால், வியாபாரி சொல்லும் முதல் விலைக்கே தலையாட்ட வேண்டியதில்லை.

ஆட்டுக்கு இவ்வளவு என்று சந்தைகளில் சுங்கம் வசூலிக்கப்படுகிறது. அந்தப் பணத்தில் வாசலிலேயே ஓர் எடைமேடை வையுங்கள் என்பதே உள்ளாட்சி அமைப்புகளுக்கு நம் வேண்டுகோள்.