பணி மாறும் வேளையில் கைமாறும் செய்தி

உள்நோயாளி ஒருவரை ஒரே நாளில் மூன்று பணிமுறைச் செவிலியர்களும் மருத்துவர் பலரும் கவனிக்கின்றனர். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செய்தி கைமாறும் இடத்தில்தான் பிழை எளிதில் நுழைகிறது.

அமெரிக்கா, கனடா நாடுகளைச் சேர்ந்த 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் நடத்தப்பெற்று, 2014-இல் வெளியான ஆய்வு இதனை அளந்து காட்டியது. பணி முடிக்கும் மருத்துவர், நோயின் தீவிரம், எஞ்சியுள்ள பணிகள், எதிர்பார்க்கத்தக்க சிக்கல்கள் ஆகியவற்றை வரிசையாகக் கூறுவார். பொறுப்பேற்பவர் அவற்றைத் தம் சொற்களில் திருப்பிக் கூறுவார். இம்முறை வந்தபின் மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 விழுக்காடும் குறைந்தன. ஒப்படைப்புக்குக் கூடுதல் நேரமும் பிடிக்கவில்லை. திருப்பிக் கூறுவதே இதன் உயிர்நாடி என்பது எங்கள் கருத்து. தலையசைப்பது யாருக்கும் எளிது!

இச்சங்கிலியில் உடனிருக்கும் உறவினர்களாகிய நீங்களும் ஒரு கண்ணியே. பென்சிலின் ஒவ்வாமை இருப்பதைக் காலையில் ஒருவரிடம் தெரிவித்திருந்தாலும், மாலையில் பொறுப்பேற்பவரிடமும் தெரிவியுங்கள். ஒரே கேள்வியை மூவர் கேட்கும்போது சலிப்பு எழுவது இயல்பு. முன்னவர் சொல்லாமல் விட்டார் என்று பொருளன்று. நேரில் கேட்டு உறுதிசெய்யவே மீண்டும் கேட்கிறோம். செவிலியர்கள் படுக்கையருகே ஒப்படைப்புப் பேச்சில் இருக்கையில் இடைமறிக்காமல், அது முடிந்தவுடன் விடுபட்டதைக் கூறுங்கள். வீட்டில் உட்கொண்டுவந்த மாத்திரைகளின் அட்டைகளை அப்போது கையில் வைத்திருங்கள்.