தீபாவளி வரை தள்ளிப்போடலாமா?

படபடப்புக்கு அப்லேஷன் (இதயத்துக்குள் சுட்டுத் தாறுமாறான துடிப்பை அடக்கும் சிகிச்சை) செய்துகொண்டவர்களின் வீட்டார் எழுதும் கடிதங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மூன்று மாத மறுபரிசோதனையைத் தீபாவளிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா? கை வைத்தது இதயத்தில், இருமலில் ரத்தம் வருவது எப்படி? இரண்டாவதற்கு விடை சுட்ட இடத்தில் இருக்கிறது. தாறுமாறான துடிப்பைக் கிளப்பும் பொறி பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் சிரைகளுக்குள் இருப்பதை 1998இல் பிரான்சின் போர்தோ நகரில் மருத்துவர் மிஷேல் ஐசகேரின் குழு காட்டியது. அன்று சிரைக்குள்ளேயே போய்ச் சுட்டார்கள். தீப்புண் ஆறும்போது தோல் இழுத்துச் சுருங்குவதைச் சிவகாசியில் யாருக்கும் விளக்க வேண்டாம். சிரைச் சுவரும் அப்படித்தான் சுருங்கியது. பிறகு சிரையின் வாய்க்கு வெளியே வட்டமாகச் சுடும் வழக்கம் வந்தது. கடுமையான சுருக்கம் இப்போது நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்கிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். அறிகுறி இல்லாதவர்களுக்கு சி.டி. எடுத்துப் பார்ப்பது பொது வழக்கமில்லை. தேடாத இடத்தில் கிடைக்காதது கணக்கில் ஏறாது.

சிரை சுருங்கினால் நுரையீரலின் அந்தப் பகுதியில் ரத்தம் தேங்கி, அழுத்தம் ஏறி, நுண்குழாய்கள் கசியும். மூச்சு வாங்கும், இருமல் வரும், சிலருக்கு ரத்தமும் வரும். அடுத்து நடப்பதுதான் உறுத்துகிறது. வெளியேற வழியில்லாத பகுதிக்கு ரத்தம் போவதே குறைந்து, மற்ற பகுதிகள் அந்தச் சுமையை ஏற்கின்றன. அதனால் சிரை முழுக்க அடைபட்ட பின் இருமல் தணிந்துவிடவும் கூடும். குணமாகிவிட்டது என்று வீடு நிம்மதி அடையும். பாதி சுருங்கிய சிரையைத் திறப்பதைவிட, மூடிய சிரையைத் திறப்பது மிகக் கடினம்.

அறிகுறிகள் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும். சித்திரையில் அப்லேஷன் செய்துகொண்டவர் ஆவணியில் இருமினால், சாத்தூரிலும் திருத்தங்கலிலும் பழி பட்டாசு மருந்துத் தூசி மேல் விழும். அல்லது காசநோய் என்பார்கள். காசநோய் மலிந்த நாட்டில் முதலில் சளிப் பரிசோதனை செய்வது தவறா என்று கேட்கலாம். தவறே இல்லை. சளியில் கிருமி இல்லை என்றான பிறகும் உத்தேசமாக மாத்திரை கொடுத்து, இதயத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்காமல் மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் தவறு. அப்படியானால் எல்லோருக்கும் சி.டி. எடுத்துவிடலாமே? கதிர்வீச்சு உண்டு, செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அப்லேஷனுக்குப் பின் இருமலோ மூச்சுத்திணறலோ வந்தவருக்கு எடுத்தால் போதும். அதுவும் சிரைகளைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராமாக இருக்க வேண்டும். சாதாரண எக்கோவில் இது தப்பிவிடும்.

சுருங்கிய சிரையைத் திறக்கும் சிகிச்சையில் ‘வெற்றி’ என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2016இல் வெளியிட்ட 124 நோயாளிகளின் கணக்கில், பலூனோ ஸ்டென்டோ, அன்றைக்குப் பெரும்பாலான சிரைகள் திறந்துகொண்டன. ஆனால் பலூன் மட்டும் வைத்தவற்றில் 57 சதவீதம் மறுபடி சுருங்கின. ஸ்டென்ட் வைத்தவற்றில் 27 சதவீதம். திறந்த பிறகும் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்லேஷனிலேயே புதிய மின்துடிப்பு முறை வந்திருக்கிறதே? வெப்பத்தை நம்பாததால் சுருக்கம் மிக அரிது. ஆனால் அது புதிது: அமெரிக்க அனுமதியே 2023 டிசம்பரில்தான் கிடைத்தது.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நிறுத்தலாமா? நீங்களாக நிறுத்தாதீர்கள், இருமலில் ரத்தம் கண்டால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

எங்கே போவது? அப்லேஷன் செய்த இடத்துக்கே, டிஸ்சார்ஜ் சம்மரியோடு.

தீபாவளி வரை தள்ளிப்போடலாமா? இருமல் இருந்தால் கூடாது. இருந்த இருமல் தானாக நின்றிருந்தாலும் கூடாது.