உஷார்! குரல் தேய்கிறதா? காந்தத்தை நம்பிக் காசை விடாதீர்கள்!

கோட்டைப்பட்டினம் கரையில் தொண்டைதான் முதலீடு. படகில் எஞ்சின் இரைச்சலை மீறிக் கூப்பிட வேண்டும். மீன் ஏலத்தில் நாலு பேர் குரலுக்கு மேலே நம் குரல் எழ வேண்டும். அப்படிக் கத்திப் பிழைத்த மனிதர், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காதபடி முணுமுணுக்கத் தொடங்கினால் வீட்டில் என்ன சொல்கிறோம்? “அத்தாவுக்கு வயசாயிருச்சு.”

உஷார்! அது வயது மட்டும்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயாகவும் இருக்கலாம்.

கை நடுங்கினால்தான் நடுக்குவாதம் என்று பலர் நினைக்கிறோம். மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிய அழிய, உடம்பின் எல்லா அசைவும் சுருங்குகிறது. நடை குறுகும், கையெழுத்து பொடியாகும், முகத்தில் சிரிப்பு மங்கும். குரலும் அப்படித்தான்: சத்தம் குறையும், ஏற்ற இறக்கம் போகும், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் பேச்சு பாதிக்கப்படுகிறது.

இதில் ஒரு விபரீதம் உண்டு. குரல் தேய்ந்தது அவருக்கே தெரியாது. தான் சத்தமாகப் பேசுவதாகவே அவர் மூளை கணக்குப் போடும். “உனக்குத்தான் காது மந்தம்” என்று மனைவியிடம் எரிந்து விழுவார்!

வலை எங்கே விரிக்கிறார்கள்?

“கத்தி வேண்டாம், மருந்து வேண்டாம், தலைக்கு மேல் காந்தம் வைத்தால் குரல் திரும்பிவிடும்” என்று யாராவது சொன்னால், பர்ஸைத் திறக்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள்.

கருவி பொய்யில்லை. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழு உருவாக்கியது அது. தலையருகே வைத்த சுருளில் பாயும் காந்தத் துடிப்பு, மண்டையோட்டைத் தாண்டி மூளையில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டும். மனச்சோர்வுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்கா 2008-ல் அனுமதித்தது. பார்க்கின்சன் குரலுக்கு இதுவரை நடந்ததெல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள். சிலவற்றில் பேச்சு கொஞ்சம் தெளிந்தது. சிலவற்றில் சொல்லும்படி மாற்றமில்லை. ஆய்வில் இருப்பதைத் தீர்ந்த வைத்தியம் என்று விற்பதுதான் மோசடி. உண்மையான ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் உங்கள் ஒப்புதல் கையெழுத்தும் இருக்கும்; சோதனைக்காக உங்களிடமே பணம் கறக்க மாட்டார்கள்.

தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, இதயத்துக்குப் பேஸ்மேக்கர், மூளைக்குள் மின்முனை, வலிப்பு வந்த வரலாறு: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காந்தத்தால் அரிதாக வலிப்பே வரலாம்.

இணையத்தில் விற்கும் மின்தூண்டல் தலைப்பட்டை இன்னொரு வலை. பாய்வது இரண்டு மில்லிஆம்பியர் மின்சாரம்தானே என்று அலட்சியம் வேண்டாம். தவறாக வைத்தால் தோல் கருகும். மூளையில் எந்த இடத்தைத் தூண்டுகிறோம் என்பதும் தெரியாது. வீட்டிலேயே செய்துகொள்ளாதீர்கள் என்று அந்தத் துறை ஆய்வாளர்களே 2016-ல் பகிரங்கக் கடிதம் எழுதி எச்சரித்தார்கள்.

அப்படியானால் வழி?

குரல் பயிற்சி! ‘எல்.எஸ்.வி.டி.’ என்ற முறையில் வாரம் 4 நாள் வீதம் 4 வாரம், மொத்தம் 16 அமர்வுகள். “ஆ...” என்று நீட்டிச் சத்தமாகச் சொல்வதில் தொடங்கி, அன்றாடப் பேச்சு வரை உரக்கப் பேசப் பழக்குவார்கள். எது சரியான சத்தம் என்பதை மூளைக்கே மறுபடி கற்றுத் தருவதுதான் இதன் சூட்சுமம். பிரிட்டனில் 388 நோயாளிகளிடம் நடந்து 2024-ல் வெளியான பெரிய ஆய்வில், வழக்கமான பேச்சுப் பயிற்சியைவிட இது நல்ல பலன் தந்தது. இதில் காந்தமும் இல்லை, கரண்டும் இல்லை.

இன்றே செய்ய வேண்டியவை

• சாப்பிடும்போது இருமல், தண்ணீர் குடித்தால் புரையேறுதல் இருந்தால் தாமதிக்காதீர்கள். விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம். உணவு நுரையீரலுக்குள் போவதால் வரும் நிமோனியா உயிரையே பறிக்கும்.

• குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்டுங்கள். பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் முதலில் போக வேண்டும். குரல்வளைப் புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம்.

• நடுக்குவாத மாத்திரையை யார் சொன்னாலும் திடீரென நிறுத்தாதீர்கள். ஆபத்து!

• அறந்தாங்கியோ புதுக்கோட்டையோ, அரசு மருத்துவமனைக்குப் போனால் நரம்பியல் மருத்துவரையும் பேச்சுப் பயிற்சியாளரையும் கேட்டுப் போய்ப் பாருங்கள்.

• இன்றைக்கு அவர் பேசுவதை ஃபோனில் பதிந்து, அவருக்கே போட்டுக் காட்டுங்கள். சண்டை போட்டு நம்பவைக்க முடியாததை அந்த ஒரு நிமிஷம் நம்பவைக்கலாம். அதே பதிவை டாக்டரிடமும் காட்டுங்கள்.

“சத்தமாப் பேசுங்க அத்தா” என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறீர்கள்? எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், அடுத்த பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.