நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நடுங்குவது ஏன்?

தோட்டப்புறங்களில் பிக்கப் வாகனத்தின் பயன் யாவரும் அறிந்ததே. உரமூட்டையும் கட்டிப் பாலும் ஏற்றிச் செல்லும் அதே வாகனம், விடுமுறை நாளில் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரமும் செல்கின்றது. தோட்டத்துச் செம்மண் பாதையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒழுங்காக ஓடிய வாகனம், 1994ஆம் ஆண்டில் முழுமை பெற்ற வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி 90 கிலோமீட்டரை எட்டியதும் ஸ்டீயரிங் கிடுகிடுவென நடுங்கத் தொடங்குவதுண்டு. சிலர் அதனைப் பொருட்படுத்தாது ஓட்டிச் செல்வர். வேறு சிலர் பட்டறைக்குச் சென்று, காரணம் அறியாமலே பாகம் பாகமாக மாற்றிப் பணத்தை இழப்பர். முன்னது உயிருக்கு ஆபத்து. பின்னது உழைத்த காசுக்கு நட்டம். இவ்விரண்டையும் தவிர்க்கும் வழியை இங்கு ஆராய்வோம்.

வேகத்தில் மட்டும் ஏன்?

பிக்கப் வாகனத்தின் 17 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 2.4 மீட்டர் தூரம் செல்லும். 90 கிலோமீட்டர் வேகத்தில் அச்சக்கரம் விநாடிக்குப் பத்து முறை சுழல்கின்றது. ரிம்மின் ஓர் ஓரத்தில் 50 கிராம் எடை மிகுந்திருப்பின், அவ்வேகத்தில் அது ஏறக்குறைய நாலரைக் கிலோ எடைக்கு நிகரான விசையுடன் சக்கரத்தை இழுக்கும். வேகம் பாதியானால் விசை நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆகவேதான் தோட்டப் பாதையில் தெரியாத குறை நெடுஞ்சாலையில் வெளிப்படுகின்றது.

மூன்று கேள்விகள்

வாகனத்தைப் பட்டறையில் விடுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டுகொள்ள வேண்டும்.

முதலாவது, நடுக்கம் எங்கே தெரிகின்றது? கையில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரங்களில் குறை. இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரங்களிலோ, பின்புறத்திற்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் தண்டிலோ குறை இருக்கலாம்.

இரண்டாவது, எப்பொழுது தெரிகின்றது? 80 முதல் 110 கிலோமீட்டர் வேகத்திற்குள் தோன்றி, வேகம் குறைந்ததும் மறைந்தால் சக்கரத்தின் எடைச் சமநிலை கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். பிரேக்கை அழுத்தும்பொழுது மட்டும் நடுங்கினால், பிரேக் தட்டு சீரற்றுத் தேய்ந்திருக்கலாம்.

மூன்றாவது, தானாக மறைகின்றதா? பல நாள் நிறுத்தி வைத்த வாகனத்தின் டயர் தரையில் பட்ட இடத்தில் தட்டையாகிவிடும். சில கிலோமீட்டர் ஓடிச் சூடேறியதும் நடுக்கம் நின்றுவிட்டால் அதுவே காரணம் எனலாம்.

செலவின்றிச் செய்யும் சோதனை

தோட்ட வாகனங்களில் முதலில் பார்க்க வேண்டியது சேறு. மழைக்காலத்தில் ரிம்மின் உட்புறத்தில் அப்பிய செம்மண் காய்ந்து கல்போல் ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. உட்புறத்தை நன்கு கழுவியதும் நடுக்கம் தீர்ந்துபோவதுண்டு.

அடுத்து, ரிம்மின் விளிம்பில் ஈய நிற எடைத்துண்டு விழுந்த தடம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பின்னர் டயரின் மேற்பரப்பையும் பக்கச் சுவரையும் கையால் தடவிப் பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பின் அலைன்மெண்ட் கோளாறு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருப்பின் காற்று மிகுதி. இரு ஓரங்களும் தேய்ந்திருப்பின் காற்றுக் குறைவு. பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருப்பின் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம். எங்கேனும் புடைப்பு காணப்பட்டால், டயரின் உள்ளடுக்குகள் பிரிந்துவிட்டன என்று பொருள். அத்தகைய டயர் எந்நேரமும் வெடிக்கக்கூடும். அதனைக் கொண்டு ஒரு பயணமும் மேற்கொள்ளலாகாது.

சக்கர நட்டுகள் தளர்ந்துள்ளனவா என்பதையும் சோதித்தல் வேண்டும். அவற்றை வரிசையாக அன்றி, எதிரெதிராக உள்ளவற்றை மாற்றி மாற்றி முடுக்குவதே முறை. சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்ப்பது நலம்.

சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தல்

சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கலாம். வாகனத்தின் அடியில் எவரும் புகுதல் கூடாது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகின்றதா? மற்றொருவர் பிரேக்கை அழுத்தியதும் அந்த ஆட்டம் நின்றால் பேரிங்கில் குறை. நிற்காவிடில் பால் ஜாயிண்டில் குறை. இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் முனை தேய்ந்திருக்கலாம். பிறகு, ரிம்மின் அருகே ஒரு குச்சியை அசையாமல் வைத்துச் சக்கரத்தைச் சுழற்றினால், ரிம் வளைந்திருப்பதும் தெரிந்துவிடும்.

இன்னும் ஐயம் இருப்பின், முன்சக்கரத்தையும் அதே பக்கத்துப் பின்சக்கரத்தையும் இடம் மாற்றி, இரு பக்கமும் அவ்வாறே செய்து ஓட்டிப் பார்க்கலாம். நடுக்கம் கையிலிருந்து இருக்கைக்கு இடம் மாறினால் குறை சக்கரத்திலோ டயரிலோ உள்ளது. மாறாவிடில் வேறு பாகங்களை ஆராய வேண்டும்.

பட்டறையில் கேட்க வேண்டியது

பேலன்சிங் வேறு, அலைன்மெண்ட் வேறு. முன்னது சக்கரத்தின் எடையைச் சமப்படுத்துவது. பின்னது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. வாகனம் ஒரு பக்கமாக இழுத்தால் அலைன்மெண்ட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வேகத்தில் நடுங்கினால் முதலில் பேலன்சிங் செய்யச் சொல்ல வேண்டும். பாகம் எதையேனும் மாற்ற வேண்டுமென்றால், அதன் தேய்மானத்தை நேரில் காட்டும்படி கேட்பது நம் உரிமை.

ஓடும்பொழுது திடீரென நடுங்கினால்

பிரேக்கைப் பலமாக அழுத்துதல் கூடாது. ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் உறுதியாகப் பற்றி, காலை மெல்ல எடுத்து, வேகம் தணிந்ததும் இடப்புற அவசரத் தடத்தில் ஒதுங்கி, எச்சரிக்கை விளக்கைப் போடுதல் வேண்டும். நட்டு தளர்ந்திருந்தாலோ, டயர் புடைத்திருந்தாலோ, சக்கரத்தில் ஆட்டம் இருந்தாலோ அதனைச் சரிசெய்யாமல் பயணத்தைத் தொடரலாகாது.

நடுக்கம் என்பது வாகனம் நமக்கு முன்கூட்டியே தரும் அறிவிப்பாகும். பயணத்திற்கு முதல்நாள் மாலை ஒரு வாளி நீரும் அரைமணி நேரமும் ஒதுக்கி இச்சோதனைகளைச் செய்துகொண்டால், நம்மை நம்பி ஏறி அமர்வோரைப் பத்திரமாக வீடு சேர்க்கலாம்.