ஏட்டில் இலாபம், கையில் நட்டம்: விமானத் தயாரிப்பின் கணக்கு

அடக்கவிலைக்கும் குறைவாக விற்றால் நட்டம் என்பது கடைத்தெருக் கணக்கு. விமானத் தயாரிப்பிலோ, அவ்வாறு விற்ற ஆண்டிலும் ஏட்டில் இலாபம் காட்ட இயலும். அமெரிக்காவின் போயிங் நிறுவனம் கையாளும் திட்டவாரிக் கணக்குமுறை அதற்கு இடமளிக்கிறது.

புதிய வகை விமானத்தில் முதலில் செய்யப்படுபவற்றுக்குச் செலவு மிகுதி. தொழிலாளர்க்குக் கை பழகப் பழக அது குறையும். எனவே, அவ்வகையில் எத்தனை விமானங்கள் விற்கும் என்று நிறுவனம் முன்கூட்டியே மதிப்பிட்டு, மொத்த வரவையும் செலவையும் அத்தனைக்கும் பகிர்ந்து சராசரி காண்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு விமானத்தின் விலை 160, சராசரிச் செலவு 150, முதல் விமானத்தின் செலவு 300 எனக் கொள்வோம். ஏட்டில் 150 மட்டுமே செலவாக எழுதப்படும். 10 இலாபமாகத் தோன்றும். எஞ்சிய 150, ‘ஒத்திவைக்கப்பட்ட உற்பத்திச் செலவு’ என்று சரக்கிருப்போடு சேர்ந்து சொத்துப் பக்கத்தில் அமரும். பிந்தைய விமானங்களின் செலவு சராசரிக்குக் கீழே இறங்கும்போதுதான் இச்சுமை கரையும்.

போயிங் 787 இதற்குத் தக்க சான்று. 2011 செப்டம்பரில் முதல் விமானம் ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது 1,100 விமானங்களை அடிப்படையாகக் கொண்டு கணக்கிட்டனர். 2013-இல் அது 1,300 ஆயிற்று. ஒத்திவைத்த செலவோ 2016-இன் தொடக்கத்தில் 2,800 கோடி டாலரைத் தாண்டி, அதன் பின்னரே இறங்கத் தொடங்கியது.

மதிப்பீடு பொய்த்தால் என்னாகும்? மொத்த வரவு மொத்தச் செலவை ஈடுகட்டாது என்று தெரிந்த காலாண்டிலேயே, எதிர்நோக்கும் நட்டம் முழுவதையும் எழுதிவிட வேண்டும். போயிங் 777எக்ஸ் திட்டத்தில் 2020-இன் நான்காம் காலாண்டில் 650 கோடி டாலர் அவ்வாறு எழுதப்பட்டது. முதல் ஒப்படைப்பு 2027-க்குத் தள்ளிப்போனதால், 2025-இன் மூன்றாம் காலாண்டில் மேலும் 490 கோடி டாலர் எழுதப்பட்டது.

ஐரோப்பாவின் ஏர்பஸ், பன்னாட்டு நிதியறிக்கைத் தரங்களைப் பின்பற்றுகிறது. இன்றைய மிகைச்செலவை நாளை விற்கப்போகும் விமானங்களின்மேல் ஏற்றிவைக்க அங்கு இடமில்லை. ஏ380 உற்பத்தியை நிறுத்தும் முடிவை 2019 பிப்ரவரியில் அறிவித்தபோது, அதன்பொருட்டு 2018-ஆம் ஆண்டுக் கணக்கில் 46.3 கோடி யூரோ சுமையை அது ஏற்றது.

இரு முறைகளும் சட்டத்துக்கு உட்பட்டவையே. பணம் கையைவிட்டுப் போகும் நாள் இரண்டிலும் ஒன்றுதான். அது செலவாக ஏட்டில் ஏறும் நாளே வேறுபடுகிறது.

பங்குகளில் முதலீடு செய்யும் வாடிக்கையாளர்கள் கருத்தில் கொள்ளவேண்டியது இதுவே. ஆண்டறிக்கையில் இலாபத்தைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடாமல், பணப்புழக்க அறிக்கையையும் சரக்கிருப்பு பற்றிய குறிப்புகளையும் படியுங்கள். இலாபம் ஏறிவர, செயல்பாட்டிலிருந்து வரும் பணம் தேய்ந்து, சரக்கிருப்பு பெருகுமானால், அந்த இலாபம் எந்த மதிப்பீட்டை நம்பி நிற்கிறது என்று கேட்பது முதலீட்டாளரின் உரிமை.